அப்பாவை "நோய்த்தணிப்பு"க்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

பூவரசு
செவ்வாய், இரவு 10.47

அப்பாவுக்கு 71 வயது. கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். நாற்பது வருடங்களாக வெற்றிலையும் புகையிலையும் வாயைவிட்டு இறங்காத மனிதர். அதைப் பற்றி யாரும் இங்கே உபதேசம் எழுத வேண்டாம். வீட்டில் எல்லோரும் செய்து முடித்துவிட்டார்கள்.

சென்ற வருடம் சத்திரசிகிச்சை செய்தார்கள், பிறகு கதிர் பிடித்தார்கள். எட்டு மாதங்கள் நன்றாக இருந்தார். சைக்கிளில் சந்தைக்குப் போய் வந்தார். இப்போது கழுத்தில் திரும்பவும் கட்டி. மூக்கால் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கிறோம். நேற்றுக் கிளினிக்கில் டொக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, இனிக் கதிர் கொடுக்க முடியாது என்றார். ஒரு துண்டில் எழுதித் தந்து நோய்த்தணிப்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார். விளக்கம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

கனடாவில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் சத்தம் போடுகிறார். "சாகப் போகிறவர்களை அனுப்பும் இடம் அது. நீ எப்படிச் சம்மதித்தாய்? பலாலியில் ஏற்றினால் சென்னை, நான் காசு அனுப்புகிறேன்" என்கிறார். அப்பாவால் கட்டிலிலிருந்து கதிரைக்கு வரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு இது என்ன வருத்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. "ஆறாத புண்" என்று சொல்லியிருக்கிறோம்.

அந்தத் துண்டுக்கு என்ன அர்த்தம்? வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்பதைத்தான் இப்படி நாகரிகமாக எழுதுகிறார்களா?

பருத்தித்துறை வடை
செவ்வாய், இரவு 11.05

தங்கச்சி, பதில் தெரிந்தவர்கள் காலையில் எழுதுவார்கள். அதுவரை அண்ணாவின் அழைப்பை எடுக்காமல் தூங்குங்கள்.

ஓய்வுபெற்ற மிஸி
புதன், காலை 5.20

பிள்ளை, முப்பத்து மூன்று வருடங்கள் வாட்டில் நின்றவள் நான். அதில் கடைசி ஒன்பது வருடங்கள் புற்றுநோய் வாட்டு. ஆகவே நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டுக்கு அர்த்தம் இதுதான்: கட்டியைப் பார்த்த டொக்டர், இனி ஆளைப் பார்க்கும் டொக்டரிடம் அனுப்பியிருக்கிறார். நோவு, சத்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல், நித்திரையின்மை, புண்ணின் மணம், பயம் எல்லாம் அவர்களுடைய வேலை. உங்கள் அம்மா எத்தனை நாட்களாகத் தூங்கவில்லை என்று கேட்பதும் அவர்களுடைய வேலைதான். லண்டனில் 1967 இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸை (கடைசிக்கால நோயாளரைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதி, பிறகு சமூக சேவையாளர், அதன் பிறகுதான் டொக்டராகப் படித்தார். நோவு உடம்பில் மட்டும் இருப்பதில்லை. மனம், வீட்டுக் கவலை, கடன், கடவுள்மேல் கோபம் எல்லாம் சேர்ந்ததே முழு நோவு என்று அவர் சொன்னதை எங்களுக்குப் பயிற்சியில் படிப்பித்தார்கள். அப்போது பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். வாட்டுக்குப் போன முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது. மோர்பின் கொடுத்தும் முனகிக்கொண்டிருந்த ஒருவர், மகளின் காணி உறுதி முடிந்த அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

இன்னொன்று. இதைக் கடைசியில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வருத்தம் கண்டுபிடித்த நாளிலிருந்தே, சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது. நம்மூரில் எல்லாம் முடிந்த பிறகே அனுப்புகிறார்கள். அதனால் "அங்கே போனவர் திரும்பவில்லை" என்ற பெயர் வந்துவிட்டது. மழை வந்த பிறகு குடை விரித்தவன் குடையைத் திட்டுவதுபோல.

மோர்பின் தருவார்கள். பயப்படாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கமாக இருப்பார், சிலருக்குக் குமட்டல் இருக்கும், அவை போய்விடும். போகாதது மலச்சிக்கல். அதற்கு மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நோவு வரட்டும் என்று காத்திருந்து கொடுக்கக் கூடாது. மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் நோவு மேலெழுந்தால் எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கற்பகம்தரு
புதன், காலை 8.12

அன்னமுன்னா இலையை அவித்து வடித்து 48 நாட்கள் கொடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முழுதாகச் சுகம் வந்தது.

ஓய்வுபெற்ற மிஸி
புதன், காலை 8.15

குழாயில் போகும் ஆகாரத்தோடு கண்ட கண்ட இலைத் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். இவ்வளவுதான் சொல்வேன்.

தாவடிக்காரன்
புதன், நண்பகல் 12.30

"ஆறாத புண்" என்று சொல்லியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். நாங்கள் நான்கு பிள்ளைகளும் கூடிப் பேசி, "குடலில் ஒரு வீக்கம்" என்று சொன்னோம். கிளினிக் கொப்பியை ஒளித்து வைத்தோம். மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா வாசிக்காமலிருக்க, தங்கை பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசிப்பவர்.

அம்மா போய், எட்டுச் செலவு முடிந்து அடுத்த நாள், சீட்டுப் பிடிக்கும் மாமி வந்தார். அம்மா நான்கு மாதங்களுக்கு முன்பே அவரிடம் போய், "நான் சீட்டு முடியும்வரை இருக்கமாட்டேன், கழிவோடு இப்போதே எடுத்துத் தா, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லி முடித்திருக்கிறார். சீட்டு மாமிக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாரா, நாங்கள் நடிப்பது தெரிந்து அவரும் நடித்தாரா, இன்றுவரை விளங்கவில்லை. நான்கு மாதங்கள் ஒரே வீட்டில் இருந்து ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம். அம்மா மனம் விட்டுப் பேச ஆள் தேடிச் சீட்டு மாமியிடம் போயிருக்கிறார்.

எல்லாவற்றையும் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பா கேட்டால் பொய் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ரொறன்ரோக் குளிர்
புதன், இரவு 7.40

அண்ணாவை எல்லோரும் வில்லனாக்கும் முன் ஒரு வார்த்தை. நானும் ஒரு வெளிநாட்டு அண்ணா.

நாங்கள் அங்கே இல்லை. நோவைக் காணவில்லை, மணத்தை முகரவில்லை, தூக்கிப் பிடிக்கவில்லை. எங்களால் செய்யக்கூடியது காசு அனுப்புவது ஒன்றே. "இனி ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று நீங்கள் சொல்லும்போது, "உன்னுடைய காசுகூட வேண்டாம்" என்றுதான் எங்கள் காதில் விழுகிறது. அதனால்தான் சென்னை, அடையாறு, வேலூர் என்று அலறுகிறோம். என் தகப்பனை அப்படி இழுத்துக்கொண்டு போனது நான்தான். அங்கேயுள்ள டொக்டர் நேர்மையானவர். கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணத்தில் சொன்னது சரி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்றார். விடுதி அறையில் பதினொரு நாட்கள். ஐயா கேட்டதெல்லாம் நம்முடைய கிணற்றுத் தண்ணீர்.

ஆனாலும் ஒரு கேள்வி. சிகிச்சையை நிறுத்தினால் ஆயுள் குறையாதா? மோர்பின் ஆயுளைக் குறைக்காதா? இதற்கு உணர்ச்சியில்லாத பதில் ஒன்று வேண்டும்.

இரவுக் கடமை
வியாழன், அதிகாலை 2.55

உணர்ச்சியில்லாத பதில், உணர்ச்சியில்லாத நேரத்தில்.

நான் மருத்துவர், எங்கே என்பது வேண்டாம். 2010 இல் பொஸ்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பகுதியினருக்கு அதே சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்பும். இரண்டாவது பகுதியினரிடம் மனச்சோர்வு குறைவு, கடைசி நேரத்தில் ஏற்றிய கடுமையான மருந்துகளும் குறைவு. ஆயுளின் இடைநிலை முதற் பகுதிக்கு 8.9 மாதங்கள், இரண்டாவதற்கு 11.6. பின்னர் வந்த சில ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நோய்த்தணிப்பால் ஆயுள் குறைகிறது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மோர்பினும் அப்படியே: சிறிதாகத் தொடங்கி நோவுக்கேற்பக் கூட்டிப் போனால் மூச்சை நிறுத்தாது. நோவுக்காகக் கொடுக்கும்போது அடிமையாவதும் அரிது. மூச்சுத் திணறலுக்கே சிறிய அளவில் அதைத்தான் எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வருடத்துக்கு 5 கோடி 68 இலட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவை. கிடைப்பது 14 சதவீதத்தினருக்கு. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய். ஆகவே பூவரசு, உங்கள் தகப்பனார் அந்தப் பதினான்குக்குள் நிற்கிறார். அந்தத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடலோரம்
வியாழன், காலை 9.10

படிக்க நன்றாக இருக்கிறது. தீவுப்பகுதிக்கு வந்து சொல்லுங்கள். சின்னம்மாவுக்கு நோவு மருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். மார்பகப் புற்று, எலும்புக்குப் போய்விட்டது. விடிய முதல் படகு, குறிகட்டுவானில் இறங்கிப் பஸ், நகரில் இறங்கி இன்னொரு பஸ். தெரு முனை மருந்துக் கடையில் வாங்கக்கூடிய மருந்தும் இல்லை. காற்று எழும்பினால் படகு ஓடாது. சென்ற மாதம் மூன்று நாட்கள் கடல் விடவில்லை, மருந்து முடிந்துவிட்டது. அந்த மூன்று இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பருத்தித்துறை வடை
வியாழன், காலை 9.32

2011 இல் தெற்கே தெவுந்தரமுனையில் தொடங்கி 27 நாட்கள் நடந்து ஒரு கூட்டம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் சேர்க்கத்தான் அந்த நடை. சிங்களப் பொடியன்களும் தமிழ்ப் பொடியன்களும் கால் வீங்கி வந்தார்கள். நான் வடை கொடுத்தேன் (பெயர்க் காரணம் அதுவன்று). மஹரகமவுக்கு இரவு பஸ்ஸில் போய்வந்த சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் கடலோரம் சொல்வது உண்மை. கட்டடம் தெல்லிப்பழைவரை வந்தது. கட்டில் கிடக்கும் வீடுவரை இன்னும் வர வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸி
வியாழன், காலை 10.00

கடலோரம், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பொதுச் சுகாதாரத் தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். கிளினிக்கில் காற்றுக்காலம், படகு என்று விளக்கிச் சொல்லி, ஒருமுறையில் கூடுதலான நாட்களுக்கு எழுத முடியுமா என்றும் கேளுங்கள். கேட்காமல் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

பூவரசு
சனி, இரவு 9.15

போனோம். அந்த டொக்டர் அப்பாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு காலத்தில் ஒரு டொக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உங்களுக்கு என்ன அதிகம் கரைச்சல் தருகிறது?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பேச்சுத் தெளிவில்லை. ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: "மணம். பேத்தி கிட்ட வருகிறாள் இல்லை."

நாங்கள் எல்லோரும் நோவு, நோவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

புண்ணில் தூவ மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கச் சொல்லிக் காட்டித் தந்தார்கள். மூன்று நாட்களில் மணம் அரைவாசிக்கு மேல் போய்விட்டது. மோர்பினும் தந்தார்கள். அதையும் அப்படியே தூளாக்கிக் குழாயால் கொடுக்கிறேன். நேற்று முழுவதும் அளவுக்கு மீறித் தூங்கினார். அது பழகும்வரைதானே?

ஓய்வுபெற்ற மிஸி
சனி, இரவு 9.19

தூளாக்காதீர்கள்! குளிசை மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மெதுவாகக் கரையும் வகையென்றால், இடித்தால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். இன்றிரவே வாட்டுக்கு அழைத்துக் கேளுங்கள். கூப்பிட்டு எழும்பாவிட்டால், மூச்சு மிக மெதுவாக இருந்தால், உடனே கொண்டுபோங்கள்.

பூவரசு
சனி, இரவு 10.50

மெதுவாகக் கரையும் வகைதான். குழாய் இருப்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது. அழைத்துக் கேட்டேன், அடுத்ததைக் கொடுக்க வேண்டாம், காலையில் கூட்டிவாருங்கள், வேறு வகை மாற்றித் தருகிறோம் என்றார்கள். கை நடுங்குகிறது. நன்றி மிஸி.

வாசிகசாலை
ஞாயிறு, மாலை 4.20

இரண்டு வருடங்கள் கோழிக்கோட்டில் இருந்தேன். 1993 இல் அங்கே ஒரு சிறு குழு, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நோவு தணிக்கும் வேலையைத் தொடங்கியது. பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. டொக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்றபடி தையல்காரர், ஓட்டோக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் தந்தால் போதும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். புண் கழுவுவது முதல் அரிசி கொண்டுபோவது வரை செய்தார்கள். 2008 இல் கேரள அரசு அதையே கொள்கையாக எழுதியது.

நமக்கு என்ன குறை? ஒவ்வொரு குறிச்சியிலும் சனசமூக நிலையம் இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. செத்த வீடு என்றால் பாருங்கள்: பந்தல், கதிரை, தேநீர், பறை, அறிவித்தல், சுடலைக்கு விறகு என்று இரவோடிரவாக இருபது இளைஞர்கள் நிற்பார்கள். ஒருவரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதே வீட்டில் அந்த மனிதர் ஐந்து மாதங்கள் படுக்கையில் கிடந்தபோது படலையைத் திறந்து வந்தவர் எத்தனை பேர்? பாடையைத் தூக்க எட்டுத் தோள் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்க மகளும் மனைவியும் மட்டும்.

தாவடிக்காரன்
ஞாயிறு, மாலை 5.02

உண்மை. ஆனால் வீட்டுக்காரரும் படலையைப் பூட்டித்தான் வைக்கிறோம். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரம், பரம்பரை வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். நாங்களும் பூட்டினோம்.

பூவரசு
பத்து நாட்களுக்குப் பின், இரவு 11.30

வாசிகசாலை எழுதியதை வாசித்துவிட்டு வெட்கத்தை விட்டேன். எங்கள் நிலையத் தலைவரிடம், இரவில் அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னேன். இப்போது இரவு பத்திலிருந்து இரண்டு வரை முறைவைத்து இரண்டு பொடியன்கள் வருகிறார்கள். ஒருவன் அப்பாவிடம் கணிதம் படித்தவன், மூன்று முறை அடி வாங்கியவனாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கப் பழகிவிட்டார்கள். அம்மா ஏழு வாரங்களுக்குப் பிறகு நான்கு மணித்தியாலம் ஒன்றாகத் தூங்கினார்.

அண்ணா வந்துவிட்டார். முதல் நாள் எல்லோருடனும் சண்டை. இரண்டாம் நாளிலிருந்து பனையோலை விசிறியோடு கட்டிலருகே. முகத்துக்கு நேரே காற்றுப் பட்டால் மூச்சு முட்டுவது குறையும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மின்விசிறியைவிட அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்பா கேட்டார். எழுதித்தான். "புற்றா?" நான் தலையை ஆட்டினேன். "சரி" என்று எழுதினார். பிறகு, "சுருட்டுக் கொட்டில் முதலாளிக்கும் இதுதான் வந்தது" என்று எழுதிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் அழுதார்.

நேற்றிலிருந்து அதிகம் தூங்குகிறார். மிஸி, இனி என்ன நடக்கும்? மறைக்காமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற மிஸி
மறுநாள், காலை 4.50

எழுதுகிறேன் பிள்ளை. அண்ணாவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

தூக்கம் கூடும். குழாயால் கொடுக்கும் ஆகாரத்தை உடம்பு ஏற்காது. வயிறு ஊதும், வாந்தி வரும். அப்போது குறைக்கச் சொல்வார்கள். பட்டினி போடுகிறோம் என்று அம்மா துடிப்பார். பசியால் அவர் போகவில்லை, போய்க்கொண்டிருப்பதால் பசி நின்றுவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். வாயைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள். ராசவள்ளிக்கிழங்கு ஆசை இருந்ததென்றால், டொக்டரைக் கேட்டுவிட்டு, நாக்கு நுனியில் தடவுங்கள்.

கை கால் குளிரும், நீலம் பாயும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்பவருக்கு அது பயங்கரம், அவருக்குத் தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். காதுக்கு எட்டும் என்று நினைத்தே பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. கழுத்துக் கட்டி என்பதால் சொல்கிறேன். எல்லோருக்கும் நடப்பதில்லை, சிலருக்கு நடக்கும்: திடீரென்று பெரிய இரத்தப்போக்கு. கட்டிலடியில் கடும் நிறத் துவாய்கள் நாலைந்து வையுங்கள். கறுப்பு அல்லது கடும் சிவப்பு. வெள்ளைத் துணியில் இரத்தம் அதிகமாகத் தெரியும். பார்ப்பவருக்கும் அவருக்கும் பயம் கூடும். அப்படி வந்தால் ஓடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அதற்கென்று ஒரு மருந்தைக் கைவசம் தர முடியுமா என்று கிளினிக்கில் முன்னரே கேட்டு வையுங்கள். பேத்தியை அந்த அறையில் இரவில் படுக்க வைக்க வேண்டாம்.

ரொறன்ரோக் குளிர்
அதே நாள், இரவு 8.10

வாசித்தேன். இதை யாராவது எனக்கு நான்கு வருடங்களுக்கு முன் எழுதியிருந்தால் அந்தப் பதினொரு நாட்களும் வீட்டு விறாந்தையில் கழிந்திருக்கும்.

பூவரசு
ஆறு வாரங்களுக்குப் பின், மாலை 6.05

அந்தியேட்டி கீரிமலையில் முடிந்தது. அப்பா ஒரு திங்கட்கிழமை விடிகாலை போனார். துவாய்கள் தேவைப்படவில்லை. அந்த நேரம் முறையில் நின்றவன் கணிதத்தில் அடி வாங்கியவன். அவன்தான் மூச்சைக் கவனித்து எங்களை எழுப்பினான்.

கிளினிக்கிலிருந்து அம்மாவை ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். "வருத்தக்காரர் போய்விட்டார், நான் எதற்கு?" என்று அம்மா கேட்கிறார். அடுத்த வாரம் கூட்டிப்போவேன்.

அப்பாவின் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, பிரிக்காத புண் கட்டும் துணிப் பொதிகள் இருக்கின்றன. அண்ணா புதிதாக வாங்கித் தந்தவை. விற்பனைக்கு இல்லை. தேவையுள்ள வீடு இருந்தால் தனிமடல் அனுப்புங்கள். இடம் கோப்பாய்ப் பக்கம்.

கடலோரம்
மாலை 6.20

சின்னம்மாவுக்கு மெத்தை தேவை. படகில் ஏற்றலாம். ஆனால் குறிகட்டுவான்வரை கொண்டுவர வாகனம் இல்லை.

பருத்தித்துறை வடை
மாலை 6.24

என்னிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது. சனிக்கிழமை விடிய நான்கு மணிக்கு கோப்பாயில் நிற்பேன். முதல் படகுக்குப் பிடித்துவிடலாம். மெத்தையை மடிக்கலாமா, மடிக்கக் கூடாதா?